அலைவரிசையில் ஆள் இருக்கிறது

இது நடந்தது. பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். இஞ்ஞாசியும் அப்படிச் சிரித்தவர்தான். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, ஞாயிறு தவறாமல் பூசை, மிச்ச நேரமெல்லாம் ரேடியோ. முறையாக உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே ஊர் ஊராக ஆட்களோடு பேசும் ஹாம் ரேடியோக்காரர். ஆவி கீவி என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல ஆண்டெனாவைப் பாருங்க" என்பார்.

வருஷம் 1987. பிடோக்கில் எட்டாவது மாடி வீடு. பழைய அடுக்குமாடி புளோக் என்பதால் லிஃப்ட் ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய மாடிகளில்தான் நிற்கும். ஆறில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும். அவர் மனைவி ஜோசபினுக்கு முழங்கால் வலி. உட்லண்ட்ஸில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். அவளும் ரேடியோ உரிமம் வாங்கியவள். மாலை ஆறு நாற்பதுக்கு பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாக்கி டாக்கியை எடுப்பாள்.

"என்னங்க, இறங்கிட்டேன். வந்து பையை வாங்குங்க."

இவர் கீழே ஓடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகுமா என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்தார்கள். ஓடுகிறவருக்கு அதில் பெருமைதான்.

ஹாம் ரேடியோ கிளப்புக்காக இஞ்ஞாசி வீட்டிலேயே ஒரு தானியங்கி நிலையம் வைத்தபோதுதான் சிக்கல் வந்தது. ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ரேடியோவும். ஆளே வேண்டாம், வருகிற செய்திகளை வாங்கி அடுத்த நிலையத்துக்குத் தானே தள்ளிவிடும். க்ர்ர்ர் என்று ஒரு கத்தல், அவ்வளவுதான். ஜோசபின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நான் பேசுற அலைவரிசையில உங்க மிஷின் கத்துனா நான் எங்கலா போய்ப் பேசுறது?"

அவளுக்காகவே ஒரு சின்னப் பெட்டி செய்து மாட்டினார். இயந்திரம் அனுப்புவதற்கு முன் அந்தப் பெட்டி கேட்கும். எவ்வளவு மெலிந்த சிக்னலாக இருந்தாலும் சரி, அலைவரிசையில் ஆள் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். அது அணையும்வரை இயந்திரம் வாயைத் திறக்காது. இவ்வளவு மரியாதையான மிஷின் சிங்கப்பூரிலேயே இல்லை என்று ஜோசபின் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. வரும் வழியில் பஸ்ஸிலேயே நெஞ்சு வலி. இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இஞ்ஞாசி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ரேடியோ பக்கம் காதை வைத்துக் காத்திருந்தார். அவள் கூப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் மைக்கைத் தொடவில்லை. இயந்திரம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள். ஆறு நாற்பது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். பேச்சு இல்லை. ஆனால் ஆளில்லாத அலைவரிசையில் எப்போதும் ஓடும் அந்த இரைச்சலும் இல்லை. யாரோ மைக்கை அழுத்திப் பிடித்திருந்தால்தான் அப்படி அடங்கும்.

மறுநாளும் எரிந்தது. அதற்கடுத்த நாளும்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். கோளாறு இல்லை. அலமாரியிலிருந்த ஜோசபினின் வாக்கி டாக்கியை எடுத்துப் பார்த்தார். பேட்டரி எப்போதோ கழற்றியாகிவிட்டது.

பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்ததும் அந்த விளக்கின் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார். மைக்கை எடுத்து ஒரு வார்த்தை கூப்பிடலாம். கூப்பிட்டு, பதில் வராமல் போய்விட்டால்? இருக்கிற விளக்கும் போய்விடுமே. அந்தப் பயத்தில் ஊமையாகவே உட்கார்ந்திருந்தார், பாவி மனுஷன்.

கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் சுந்தரம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்.

"இஞ்ஞாசி, தினம் சாயந்தரம் உங்க ஸ்டேஷன் நின்னுடுது. பின்னால நாலு ஸ்டேஷன் காத்துக் கிடக்கு. அந்த டப்பா கெட்டுப்போச்சு."

"கெடல."

"அப்ப யாரு இருக்கா அலைவரிசையில?"

ஜோசபின் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

ஆறு நாற்பது. விளக்கு எரிந்தது.

சுந்தரம் பெட்டியின் சுவிட்சில் விரலை வைத்தார். "இப்படியே இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஆஃப் பண்ணவா?"

இஞ்ஞாசி விளக்கையே பார்த்தார்... பிறகு தலையாட்டினார்.

டக்.

க்ர்ர்ர்ர்ர்...

தேங்கிக் கிடந்ததையெல்லாம் இயந்திரம் கத்தித் தீர்த்தது.

சுந்தரம் போனதும் பெட்டியை மறுபடி போட்டார். மறுநாள் ஆறு நாற்பதுக்கு விளக்கு எரியவில்லை. அதற்குப் பிறகு எரியவே இல்லை. இஞ்ஞாசி அழுதார். அவளை அடக்கம் செய்தபோதுகூட அப்படி அழவில்லை.

அந்த வாரம் பக்கத்து வீட்டு நூருன்னிசா அவரை நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணே, ஏழாவது மாடிப் படியில சாயந்தரமானா யாரோ மூச்சு வாங்குற சத்தம் கேக்குது. போய்ப் பார்த்தா ஆளில்ல. நீங்க கேட்டீங்களா?"

"இல்லம்மா."

அடுத்த சனிக்கிழமை சாயந்தரம், சிராங்கூன் சாலையில் ஒரு காப்பிக் கடையில் அப்துல் முத்தலிப்பைப் பார்த்தார். முத்தலிப் மலேசியாவில் ஜொகூர்க்காரர். ரேடியோவில்தான் பழக்கம். ஜோசபின் இறந்தது அவருக்குத் தெரியாது. இஞ்ஞாசிதான் மைக்கையே தொடவில்லையே.

"அண்ணி சௌக்கியமா அண்ணே? சண்டை தீர்ந்துச்சா?"

"என்ன சண்டை?"

"தினம் கூப்பிடுறாங்க, நீங்க பதிலே சொல்றதில்ல. புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நாம ஏன் நுழையணும்னு நான் பேசாம இருந்துட்டேன். அந்தச் சின்ன வாக்கி டாக்கி ஜொகூர் வரைக்கும் கேக்குதேன்னுதான் ஆச்சரியம்லா."

இஞ்ஞாசி கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன... சொன்னா?"

"'என்னங்க, இறங்கிட்டேன். வந்து பையை வாங்குங்க.' தினமும் அதேதான். போன வாரம் வெள்ளிக்கிழமை உங்க மிஷின் அவங்க பேச்சு மேலேயே கத்திடுச்சு. அது முடிஞ்சதும் சொன்னாங்க... 'சரி, வேலையா இருக்கீங்க போல. நானே மெல்ல ஏறி வந்துடுறேன்.' அதோட சரி. அப்புறம் குரலே இல்ல."

இஞ்ஞாசி எழுந்து ஓடி டாக்சி பிடித்தார்.

ஆறாவது மாடி. லிஃப்ட் திறந்தது. படியில் யாருமில்லை.

ஏழாவது மாடித் திருப்பம்.

சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம்.

"ஜோசபின்..."

சத்தம் நின்றது.

"மன்னிச்சுக்கம்மா. வந்துட்டேன். பையைக் குடு."

கையை நீட்டினார்.

கை கனத்தது.

ஒவ்வொரு படியாக, மெல்ல, அவளுடைய முழங்காலுக்கு ஏற்ற வேகத்தில் ஏறினார். எட்டாவது மாடியில் நூருன்னிசா நின்றிருந்தாள். இஞ்ஞாசி வெறுங்கையோடு வந்தார், ஒரு தோள் மட்டும் இறங்கியிருந்தது. கதவை முழுக்கத் திறந்து, ஒதுங்கி நின்று, பிறகுதான் உள்ளே போனார்.

அவர் உள்ளே போகும்போது, தோள் இறங்கிய பக்கத்துக் கையை நூருன்னிசா பார்த்தாள். நாலு விரலிலும், கனத்த பையின் பிடி அழுத்திய சிவப்புக் கோடு.