மிச்சம் வைத்த உதவி

மார்ச் 3. இருபதாயிரம். மிச்சம் இரண்டு.
மார்ச் 10. நாற்பதாயிரம். மிச்சம் மூன்று.
மார்ச் 17. பத்தாயிரம். மிச்சம் ஒன்று.
மார்ச் 24. ஒன்றுமில்லை. மிச்சம் இரண்டு.

“எழுதிட்டீங்களா சார்? அந்த மிச்சம் ரெண்டை விட்டுடாதீங்க, அதுதான் முக்கியம்,” என்பார் லிஃப்ட் மெக்கானிக், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். ஞாயிறு மாலை ஏழரைக்கு வினாடி வினா. ஏழு இருபத்தைந்துக்கு மனைவியோடு என் வாசலில் நின்று செருமுவார். அழைப்பு மணியைத் தொடமாட்டார். போட்டியாளர் வெளியேறிய தேதி, கொண்டுபோன தொகை, பயன்படுத்தாமல் விட்ட உதவிகள் ஆகிய மூன்றையும் நோட்டில் குறிப்பது என் வேலை. காரணம் சொல்வது அவர் வேலை. கீழ்த்தளத்தில் அவர் வீட்டு டி.வி. இரண்டு வருடமாகக் கழற்றிய நிலையில் கிடக்கிறது. ஆளைக் கூப்பிடமாட்டார். “நானே பார்த்துடுவேன்.”

வயது ஐம்பத்தெட்டு. இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப்பையில் சின்ன டார்ச், நகக்கண்ணில் கழுவினாலும் போகாத கிரீஸ். முப்பத்தொரு வருடமாக, நடுவில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து ஆட்களை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“உள்ள சிவப்பு பட்டன் கண்ணுக்கு நேரா இருக்கு சார். எவனும் அழுத்தமாட்டான். கதவை உதைப்பான், எல்லா நம்பரையும் அமுக்குவான். இருபது நிமிஷம் கழிச்சுத்தான் மணி அடிக்கும். கேட்டா, ‘உங்களுக்கு எதுக்கு சிரமம்னு பார்த்தேன்’ம்பான். இதோ, இவனும் அந்த ரகம்தான்.” டி.வி.யில் ஒருவர் மூன்று உதவியையும் வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் சட்டங்கள் உண்டு. பார்வையாளர்களிடம் சின்னக் கேள்வியைக் கேட்க வேண்டும், பெரியதைக் கேட்கக் கூடாது. இரண்டு விடைகளுக்கு நடுவே மனம் ஊசலாடும்போது நான்கில் தவறான இரண்டை நீக்கச் சொல்லக் கூடாது, “அந்தப் பாழாப்போன ரெண்டையேதான் விட்டு வைக்கும்.” போனில் ஒருவரிடம் விடை கேட்க முப்பது வினாடி. “அதுல ஒருத்தன் பத்து செகண்ட் ‘எப்படிடா இருக்கே’ன்னு குசலம் விசாரிக்கறான்!”

ஏப்ரல் 29 அன்று அவருக்கே கடிதம் வந்தது. போட்டிக்குத் தேர்வாகியிருந்தார். படிவத்தை அன்றே நிரப்பினார், ஒரு கட்டத்தைத் தவிர: போனில் உதவப்போகிறவரின் பெயர். உதவுகிறவர் கையெழுத்திட்ட ஒப்புதலும் மே 31க்குள் போய்ச் சேர வேண்டும்; இல்லாவிட்டால் இடம் போய்விடும்.

“உங்க பேரைப் போட்டுக்கட்டுமா சார்?”

எனக்குத் தெரிந்ததெல்லாம் தேதிகள்தான் என்றேன்.

“வெளியூர்ல நம்ம பொண்ணு பூகோள டீச்சரா இருக்கா. இவரு மாடி மாடியா ஆள் தேடறாரு,” என்றார் மனைவி. “ஊருக்கெல்லாம் மணியடி மணியடின்னு பாடம். போன வருஷம் லிஃப்ட் குழியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டு, பொண்ணுகிட்ட ஜலதோஷம்னாரு. ஆறு வாரம் ஜலதோஷம்!”

“அவளுக்கு எதுக்கு வீண் கவலைன்னு...”

“சொல்லுங்க, சொல்லுங்க. லிஃப்டுல மாட்டினவன் மாதிரியே சொல்லுங்க.”

மாவுக்கட்டை நேரில் பார்த்த மகள், “நான் உங்களுக்குத் தேவையில்லைன்னா சரிப்பா,” என்று சொல்லிவிட்டுப் போனவள். அதன் பிறகு பதினொரு மாதமாக அம்மாவுக்கு மட்டும்தான் போன்.

கட்டம் மூன்று வாரம் காலியாகக் கிடந்தது. மே 19, விளம்பர இடைவேளையில் மெக்கானிக் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். கதவு திறந்திருந்தது. “நான்தாம்மா... உடம்பு நல்லாத்தான் இருக்கு... இல்லம்மா, சத்தியமா... ஒரு உதவி வேணும்.” பிறகு வெகுநேரம் சாவிக்கொத்தின் சத்தம் மட்டும். அன்று யார் எவ்வளவோடு வெளியேறினார் என்று நான் பார்க்கவில்லை. நோட்டில் அந்த வரி காலி.

“பேப்பரை அனுப்பச் சொன்னா சார். கையெழுத்து போடறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.”

அடுத்த ஞாயிறு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. வாசலில் மெக்கானிக், கையில் பிரித்த உறை. ஒப்புதலில் மகளின் கையெழுத்து. அதன் கீழே பென்சிலில், “முதல் கேள்விக்கே கூப்பிட்டாலும் பரவாயில்லைப்பா.”

உள்ளே வந்தார். மேஜையிலிருந்த என் நோட்டைத் தானே எடுத்துப் புரட்டினார். நான் காலியாக விட்டிருந்த வரியில், கிரீஸ் படாமல் காகிதத்தை விரல்முட்டியால் அழுத்திக்கொண்டு, முதல் தடவையாகத் தன் கையால் எழுதினார்: கடிதம் வந்தது, மே 28.