படகு நிறத்தில் ஒரு பால்கனி

போன வாரம் எங்கள் அடையாறு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு. பால்கனிக் கம்பிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் இருக்க வேண்டுமாம். துணி காய்வது தெருவுக்குத் தெரியக் கூடாதாம். மூன்றாம் மாடிப் பையன் ஆசை ஆசையாக மஞ்சள் அடித்திருந்தான், பாவம். நேற்று அவனே ஆள் வைத்து அதை மறைத்துக்கொண்டிருந்தான். மாடிப்படியெல்லாம் டர்பென்டைன் வாசனை. அந்த வாசனை எனக்குத் தலைவலியைக் கொண்டுவரும். கூடவே ஸ்டெல்லாவையும் கொண்டுவந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய காலனியில் வாடகைக்கு இருந்தேன். ஒன்றுபோல நான்கு கட்டடங்கள். ஆனால் அவரவர் வீட்டு வெளிச்சுவர் அவரவர் இஷ்டம். ஒருவர் ரோஸ் அடிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் மயில்கழுத்து நீலம். பெயிண்ட் தீர்ந்த இடத்தில் பாதிச் சுவரோடு நிறுத்திக்கொண்டவரும் உண்டு. அழகு என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. அலுவலகத் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடவே கூச்சப்படுவேன், ஏதோ அரண்மனையில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி!

ஸ்டெல்லா எனக்கு எதிர்வீடு. பட்டினப்பாக்கம் குப்பத்துப் பெண். கணவர் அரசு அலுவலக டிரைவர், அவர்களுக்கு அது சொந்த வீடு. அவள் அண்ணனுக்குப் படகு உண்டு. கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் படகுக்கு பெயிண்ட் அடித்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கையின் பால்கனிக்கு அடித்துவிட்டுப் போவார். படகு பச்சை என்றால் பால்கனியும் பச்சை. அடுத்த வருஷம் படகு ஆரஞ்சுக்கு மாறினால் இதுவும் மாறும்.

மீன் விற்கும் அவள் அம்மாவுக்கு அதுதான் விலாசம். கட்டடத்தின் மேல் இருந்த எழுத்துகளை அவருக்குப் படிக்கத் தெரியாது. "நம்ம போட்டு கலரு கீது பாரு" என்று என்னிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டே கூடையோடு படி ஏறுவார்.

பிறகு காலனிக்கு சங்கம் வந்தது. செயலாளர் மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தண்ணீர் லாரிக்காக எல்லாருக்கும் சேர்த்து வெயிலில் நிற்கிற நல்ல மனிதர். ஒழுங்கு இல்லாவிட்டால் மட்டும் அவருக்குத் தூக்கம் வராது. "இனிமே எல்லாம் ஒரே க்ரீம் கலர். பாக்கறவா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்" என்றார் கூட்டத்தில்.

ஸ்டெல்லா நிறைமாத வயிற்றோடு எழுந்தாள். "என் வூட்டு பால்கனி மாமா அது. எங்கம்மா அந்தக் கலர பாத்துதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். "அம்மாவுக்கு நம்பர் சொல்லிக் குடும்மா" என்றார் மாமா. அத்தோடு முடிந்தது.

அம்மாவின் குப்பத்து வீட்டில் இடம் போதாது என்று, பிள்ளை பெற்றதும் ஸ்டெல்லா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கேயே வந்துவிட்டாள். அதற்குள் நான்கு கட்டடங்களும் க்ரீம் ஆகியிருந்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு செய்து போடுவார்கள் இல்லையா? அம்மா சுறாவோடு புறப்பட்டு வந்திருக்கிறார்.

அன்று எனக்கு விடுமுறை. பக்கத்துக் கட்டடத்தில் அலறல் கேட்டு ஓடினேன். அம்மா கட்டடம் மாறி ஏறி, திறந்திருந்த கதவுக்குள் உரிமையோடு நுழைந்து, சமையலறையில் கூடையை இறக்கிவிட்டார். அது செயலாளர் மாமாவின் வீடு. "யாரு நீ? எங்காத்துக்குள்ள மீனத் தூக்கிண்டு வந்துட்டியே!" என்று மாமி கத்திக்கொண்டிருந்தார். மாமா கூடையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா, தரையில் சொட்டிய மீன் தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, அடுத்த பில்டிங்தான். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு காலனி கேட்டுக்கு வெளியே போய்த்தான் நின்றார். மீனை என் கையில் கொடுத்தார். "நீயே குட்த்துடு கண்ணு. எம் பொண்ணு வூட்டுக்கு நான் வழி கேட்டுக்கினு வர்ற மாதிரி ஆயிப்போச்சே."

அழவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் மாமாவே ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தார். "நீ உன் கலரையே அடிச்சுக்கோம்மா. யார் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்" என்றார். அண்ணன் வந்து அடித்துவிட்டும் போனார். அந்த வருஷம் கருநீலம். ஆனால் அம்மா அதற்கப்புறம் கேட்டைத் தாண்டி வரவேயில்லை. ஸ்டெல்லாதான் குழந்தையைக் கீழே தூக்கிப்போய்க் காட்டுவாள். அவர் தெருவில் நின்றபடியே கொஞ்சிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

காலனியை இடித்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இன்னமும் எட்டிப் பார்க்கிறேன். ரோஸ் இல்லை, ஆரஞ்சு இல்லை, பாதியில் நின்ற சுவர் இல்லை. கூச்சப்பட்ட அந்த நிறங்களுக்காக இப்போது மனசு கிடந்து ஏங்குகிறது. அங்கே நிற்பது கண்ணாடி பதித்த ஓர் உயரமான கட்டடம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வாசலில் காவலாளி. யார் வீட்டுக்கு, என்ன விஷயம் என்று சொன்னால்தான் உள்ளே விடுவார். பெற்ற மகள் வீட்டுக்கு வந்த தாயாக இருந்தாலும்.