தகைவிலான்களைப் பற்றி அக்கா கேட்டவை

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாமசியில், மருந்துக்கடையில், வேலை செய்கிறேன். வீடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில். மாலையில் வேலை முடிந்தாலும் எங்கள் பக்கத்து பஸ் உடனே கிடைக்காது. அந்த நேரத்தில் கரண்டுக் கம்பிகளை அண்ணாந்து பார்க்கப் பழகினேன்.

மழைக்காலம் நெருங்கும்போது அந்தத் தெருவுக்குத் தகைவிலான் குருவிகள் வரும். வடக்கே எங்கேயோ குளிர் நாடுகளிலிருந்து வந்து, சித்திரை வரைக்கும் இருந்துவிட்டுப் போகும். பகலெல்லாம் தோட்டங்களின் மேலே பூச்சி பிடித்துத் திரியும். பொழுது சாயும்போது மொத்தக் கூட்டமும் டவுனுக்கு வந்து, இடைவெளியே இல்லாமல் கம்பிகளில் வரிசைகட்டும். பஸ் கண்டக்டர்கள் அவற்றை 'வெஹி லிஹினியா' என்பார்கள், சிங்களத்தில் மழைக்குருவி.

முதலில் எனக்கு எல்லாமே ஒரே கறுப்புப் புள்ளிகள்தான். போனில் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தறியக் கற்றேன். வானத்தில் அரிவாள் மாதிரி வளைந்த இறக்கையோடு பறந்துகொண்டே இருப்பது உழவாரன்; அது கம்பியில் உட்காரவே உட்காராது. எங்கள் தேயிலை ஃபெக்டரிக் கூரைக்குள் கூடு கட்டி வருஷம் முழுக்க இருப்பது மலைத் தகைவிலான், வால் குட்டை. தூரத்திலிருந்து வருவதற்குத் தொண்டை செங்கல் நிறம், அதன் கீழே கருநீலப் பட்டை, வாலில் இரண்டு நீண்ட கம்பி. வாலில் அந்தக் கம்பி வளராமல், தொண்டை வெளிறியிருந்தால் அது அந்த வருஷக் குஞ்சு, முதன்முதலாகக் கடல் தாண்டி வந்தது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒருவர்தான் இருந்தார். பாமசிக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த அக்கா. டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள் என்று என்னை ஒருநாளும் ஒரு மாதிரி பார்த்ததில்லை. மழை பெய்தால் கூப்பிட்டு உள்ளே உட்காரவைப்பார். கடையின் பின்பக்கம் போய் இஞ்சி தட்டிப் போட்ட பிளேண்டி, பாலில்லாத் தேநீர், கொண்டுவருவார். இரண்டு பேரும் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கம்பியைப் பார்ப்போம்.

ஒரு வருஷம் குருவிகள் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்கா நிறையக் கேட்க ஆரம்பித்தார்.

"இந்தக் கம்பியத்தான் வேணும்னு எப்படி புள்ள அதுங்களுக்குத் தெரியுது?"

"வந்த புதுசுல தெரியாதுக்கா. கொஞ்ச நேரம் மேலயே சுத்தும். கொஞ்சம் குருவி தைரியமா எறங்கி மொத வரிசை போடும். அதைப் பார்த்துத்தான் மத்ததெல்லாம் எறங்கும்."

"மொத வரிசை உக்காரலேன்னா?"

"மத்ததும் எறங்காது. வேற எடம் தேடும்."

"பழகிட்டா?"

"பழகிட்டா அவ்வளவுதான். என்னா செஞ்சாலும் சித்திரை வரைக்கும் அசையாது."

அக்கா சிரித்தார். "எவ்வளவு வெவரமா தெரிஞ்சு வச்சிருக்க நீ!" என்று என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் வீட்டில் அம்மாவுக்கு இந்தப் பேச்சில் அக்கறை கிடையாது. கொழுந்து பறித்துவிட்டு இடுப்பு வலியோடு வருகிறவரிடம் குருவிக் கதை எப்படிச் சொல்வது? அதனால் அக்கா கேட்கக் கேட்க, தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். எந்தச் சத்தத்துக்குப் பயப்படும் என்று கேட்டார். லொறி ஹோர்னுக்கெல்லாம் அசையாது, திடீர் வெடிக்குத்தான் கிளம்பும் என்றேன்.

குருவிகள் வந்த முதல் மாலை நான் கல்லாவை ஒப்படைத்துவிட்டு ஓடினேன். வானம் அசைந்துகொண்டிருந்தது. புகை சுருள்வது போலக் கூட்டம் ஒருமுறை மலைப்பக்கம் சாயும், திரும்பி முத்தியங்கனை விகாரைப் பக்கம் விரியும். அக்கா தெருவோரத்தில் நின்றார். பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு மனிதர். கையில் யானைவெடி. மஹியங்கனைப் பக்கம் வயலுக்கு வரும் யானையை விரட்டப் போடுவார்களே, அதுதான்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. யானைவெடிக்கு டவுனில் என்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

அந்த ஆள் திரியில் நெருப்பு வைக்கப் போனார். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க, இருங்க. மொத வரிசை எறங்கட்டும்."

என் வார்த்தை அது. அப்படியே என் வார்த்தை.

சில குருவிகள் கம்பியில் இறங்கின. இறக்கையை மடிக்கக்கூட இல்லை. வெடி வெடித்தது. பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் அழுதார்கள். கூட்டம் முழுவதும் சிதறி மேலே போனது. மறுபடி சுற்றியது. மறுபடி முதல் வரிசை, மறுபடி வெடி. இருட்டும்வரை அப்படியே. கடைக்காரர்கள் வெளியே வந்து கைதட்டினார்கள்.

நான் தெருவைக் கடந்து அக்காவிடம் போனேன்.

"என்னாக்கா இது?"

அக்கா முகத்தில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. "தீவாளி வருது புள்ள. போன வருஷம் வெளிய தொங்கவிட்ட சேலையெல்லாம் எச்சம். சனங்க குடைய பிடிச்சிக்கிட்டுக் கடைக்கு வாறாங்க. நான் என்னா செய்ய?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வருத்தப்படுவ."

"என்னைக் கேக்காம..."

"கேட்டுத்தானே செஞ்சேன்?" என்றார் அக்கா. "எல்லாம் நீ சொன்னதுதானே."

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அந்தத் தேநீர் மாலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இஞ்சி தட்டியது எதற்கு, முக்காலி போட்டது எதற்கு, தோளைத் தட்டியது எதற்கு? குருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பிருந்தே அக்கா அன்பாகத்தான் இருந்தார். ஆனால் எந்த இடத்தில் அன்பு முடிந்து வேலை ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்தடுத்த மாலைகளிலும் வெடி போட்டார்கள். பிறகு குருவிகள் வரவில்லை. நான் அந்தக் கடை வாசலைத் தவிர்த்து மறுபக்கத்து நடைபாதையில் போனேன். தீபாவளிக்கு முந்தின நாள் அக்கா பாமசி ஆள் ஒருவரிடம் ஒரு சேலை கொடுத்தனுப்பினார், அம்மாவுக்கென்று. நான் திருப்பிக் கொண்டுபோக எடுத்து வைத்ததை அம்மா பார்த்துவிட்டார்.

"ஒரு குருவிக்காகவா மனுசரோட ஒறவ வெட்டிக்கிற?"

"குருவிக்காக இல்லம்மா."

"பொறகு?"

சேலையை எடுத்து அம்மா கையில் வைத்தேன். அம்மா தீபாவளிக்கு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு லீவு நாளில் தெமோதரையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பள்ளத்தாக்கின் மேலே வானம் அசைவதைக் கண்டேன். கூட்டம் சுற்றிச் சுற்றி வந்து, கீழே தோட்டத்து ஓரத்து மூங்கில் புதருக்குள் கொட்டியது. செங்கல் நிறத் தொண்டை, நீண்ட வால். என் தெருவில் வந்தவைதானா என்று யாரால் சொல்ல முடியும்? ரயில் வந்ததும் மனமில்லாமல் ஏறினேன்.

அந்த வாரமே அக்கா எனக்குப் போன் எடுத்தார். கொஞ்ச நேரம் அம்மாவை விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் புள்ள, அந்தக் குருவியெல்லாம் எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

மனது பொறுக்காமல் அக்கா கேட்டிருக்கலாம். தெருவே வெறிச்சென்று ஆகிவிட்டதே என்று கேட்டிருக்கலாம். முன்பென்றால் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

"தெரியாதுக்கா," என்றேன்.