ஒரு நாள் பொறுத்தவர்

மணல்மேட்டு உச்சிக்கு நூறு கஜம் இருக்கும்போதே மெர்வின் ரேடியோவின் மைக்கை வாயருகே கொண்டுபோய்விடுவார். "தபால் லாரி, மேற்கேயிருந்து ஏறுறேன். எதிர்ல எவனாச்சும் வந்தா வாயைத் தொறந்து சொல்லுங்கடா!" பெரும்பாலும் எவனும் வருவதில்லை. ஆஸ்திரேலியச் செம்மணலில் நானூறு கிலோமீட்டர் தடம், முப்பது வருடமாக மேட்டுக்கு மேடு இதே கத்தல்.

சக்கரம் புதையாமலிருக்க டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டுத்தான் மணலில் இறங்குவார். பண்ணைகளுக்குத் தபால், ரொட்டி, பம்புக்கு வாஷர், ஒரு தடவை கூண்டோடு ஒரு மயில். மனிதர்களுக்கு வசவு, லாரியை மட்டும் "கண்ணு" என்பார்.

இந்தத் தடத்தில் கிளம்புகிறவர்கள் சாலை விடுதி நடத்தும் நோரீனிடம் போய்ச்சேரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சேர்ந்த தகவல் வராவிட்டால் தேட வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரு நாள் பொறுப்பார்கள். டயர் வெடித்திருக்கும், இல்லை ஏதாவது பண்ணையில் பீர் கிடைத்திருக்கும். மெர்வினே அப்படி எத்தனையோ முறை பிந்தியவர்தான். நாலு வருடம் முன்பு, ஜனவரிக் கோடை வெயிலில் மகன் டேரன் வந்து சேராதபோதும், "எங்கனாச்சும் குடிச்சிட்டுக் கெடப்பான், நாளைக்குப் பாப்போம்" என்றது அவர்தான்.

மறுநாள் வண்டி கிடைத்தது. அதைவிட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரில்லாமல், டேரன். உயிர் போய்ச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சில மணி நேரம்தான் மனிதரை இன்றுவரை அரிக்கிறது.

இப்போது அவர் யாருக்கும் அரைமணிகூடக் கொடுப்பதில்லை. போன வியாழன் நர்ஸ் ஜோலீன் நாற்பது நிமிடம் தாமதம்.

"யோவ், அவ பொறந்ததே லேட்டு," என்றாள் நோரீன். "தின்னுட்டாவது போ."

ஆட்டுக்கறியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஐம்பதாவது கிலோமீட்டரில், ஜோலீன் டயர் மாற்றி முடித்து ஜாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டாருய்யா என்னைக் காப்பாத்த! இன்னும் சாகல, மெர்வ்!"

மெர்வின் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினார்.

"என்கிட்டயே அறுபது லிட்டர் இருக்கு."

"குடி."

"தாகமே இல்லய்யா."

"குடிம்மா."

அந்தக் குரலில் அவள் சிரிப்பு அடங்கிப் போனது. வாங்கிக் குடித்தாள். கடைசி மடக்கு அவள் தொண்டையில் இறங்கும்வரை அவர் கண்ணெடுக்கவில்லை. பிறகு குவளையை வாங்கி, மறுபடியும் நிரப்பினார்.