ஃபிளெக்ஸில் ஏறிய பதக்கம்

மேடைப் பேச்சை எனக்கு எளிதில் நம்பத் தோன்றாது. நானும் மேடையில் பேசியே வளர்ந்தவள். அங்கே குரல் உயரும் இடத்தில் செய்தி மெலிந்திருக்கும் என்பதை அறிவேன். ஆயினும், குடியரசு நாள் விழாவுக்காக நல்லேப்பிள்ளியில் எங்கள் தெருமுனையில் கட்டப்பட்ட ஃபிளெக்ஸுக்கு இணையான பொய்யை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அதில் என் தாய்மாமனின் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. முகத்தின் கீழே, "வீர் சக்ரா நாயகன்".

மாமா இராணுவத்தில் லாரி ஓட்டியவர். அவரிடம் மூன்று பதக்கங்கள் உண்டு. ஒன்பதாண்டுப் பணிக்கு ஒன்று. பனிமலை உயரத்தில் காலம் கழித்தமைக்கு ஒன்று. சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது பணியில் இருந்த அனைவருக்கும் தரப்பட்டது மற்றொன்று. போர்முனையில் காட்டும் வீரத்துக்கே உரியது வீர் சக்ரா. மாமா எதிரியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அதை யாரிடமும் மறைத்ததுமில்லை.

விழாக்குழுச் செயலாளர் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். தோளில் பொன்னாடை விழாத நாளைப் பட்டினி நாளாகக் கருதும் பெருமகனார். மாமாவும் நானும் அவர் கடைக்குப் போனோம்.

"ஏனுங்க, எனக்கு அது குடுக்கவே இல்லீங்களே. அந்த எழுத்த அழிச்சுப் போடுங்க" என்றார் மாமா.

"மெடலுன்னா மெடல்தானுங்க. நெஞ்சுல மூணு தொங்குதுல்ல? எது சக்ரா, எது சாதான்னு யாரு கிட்ட வந்து பாக்கப் போறாங்க?"

"பாக்கறவங்க இருக்கறாங்க."

அப்படிப் பார்க்கும் சிலரைப் பற்றித்தான் மாமாவின் கவலை எல்லாம். மாதம் ஒருமுறை பாலக்காட்டில் இராணுவக் கேண்டீன் வரிசையில் நிற்கும் பழைய சிப்பாய்கள், பதக்க நாடாவின் நிறத்தைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள். பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்பவன் அவர்களுக்குத் திருடன். திரும்பி வரும் வழியில் மாமா கேட்டார்: "இனி அந்த வரிசையில எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது, அம்மிணி?"

செயலாளருக்கு அது விளங்கவில்லை. மாமாவை அறிமுகம் செய்யும் பொறுப்பை என்னிடம் தந்து, "கொஞ்சம் துப்பாக்கிச் சத்தம் வரட்டும், அம்மிணி. சனம் கை தட்டோணும்" என்று கலைப்பயிற்சியும் அளித்தார்.

விழா நாளில் அதே தெருமுனை மேடையில் நான் பேசினேன். கம்பெனி ஆட்சியில், ஒரே போருக்கு மேலதிகாரி நெஞ்சில் பொன்னும் சிப்பாய் நெஞ்சில் வெள்ளியும் தொங்கியதைச் சொன்னேன். வீரத்துக்குத் தரும் பதக்கம் வேறு, சேவைக்குத் தருவது வேறு என்றேன். மாமாவின் சட்டைப் பையின் மேலிருந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். இறுதியில் ஃபிளெக்ஸை நோக்கிக் கை நீட்டி, "அங்கே எழுதியிருப்பது இவருடையதல்ல" என்றேன்.

கைதட்டல் இல்லை. பிணம் விழாத போர்க்கதையைக் கேட்டு ஊர் ஏமாந்து உட்கார்ந்திருந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டேவிட்டார்: "அப்ப சண்டையே போடலீங்களா?"

மாமா எழுந்து நின்றார். "இல்லீங்க. சண்டை போடறவங்களுக்கு அரிசி கொண்டு போனனுங்க."

முன்வரிசையில் இருந்த பழைய சிப்பாய்கள் சிலர் மட்டும் தட்டினார்கள். அடுத்து நன்றியுரை. முந்தின நாளே எழுதி வைத்த தாளைச் செயலாளர் விரித்து, "நமது வீர் சக்ரா நாயகருக்கு" என்று தொடங்கினார். அரை நாழிகைக்கு முன் காதில் விழுந்ததைவிடத் தாம் எழுதியதே அவருக்குப் பெரிது. அந்த ஃபிளெக்ஸ் இப்போது அவர் கடைச் சிமெண்ட் மூட்டைகளை மழையிலிருந்து காக்கிறது. அதன் வாழ்வில் அது செய்யும் முதல் சேவை.

அடுத்த மாதம் மாமாவை ஸ்கூட்டரில் கேண்டீனுக்கு அழைத்துச் சென்றேன். வாசலிலேயே தயங்கி நின்றார். வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"வாய்யா, அரிசி வண்டி! நேரா பின்னால போய் நில்லு. சக்ரா வாங்குனவனே வந்தாலும் இங்க முன்னால எடமில்ல!"

வரிசை முழுதும் சிரித்தது. மாமாவும் சிரித்தபடி பையை உதறிக்கொண்டு கடைசியில் போய் நின்றார்.