மூன்றாம் ஆண்டில் நாலு மணி நேரம்

நர்சிங் பாடத்திட்டம் டைப் அடிக்கிறவனுக்கு ஊசி போடத் தெரியாது. ஆனால் ஊசி போடுவதை எத்தனை மணி நேரத்தில் கற்றுத் தர வேண்டும் என்பது தூக்கத்திலும் தெரியும். தூக்கம் வந்தால்.

வேலப்பன்சாவடியில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் எனக்கு இரவு வேலை. பகலில் கல்லூரிப் பிள்ளைகள் மிஷினை விடமாட்டார்கள். அதனால் பெரிய டைப்பிங் வேலைகளைச் சாயங்காலம் வாங்கி வைத்துக்கொண்டு விடிவதற்குள் முடிப்பேன். பத்தாவதோடு நின்றவன் நான். கம்ப்யூட்டரும் இங்கிலீஷும் அடுத்தவர் எழுதியதை அடித்து அடித்தே ஒட்டிக்கொண்டவை. ஊரார் அறிவை விரல் வழியாக மட்டும் கடத்திவிட்டுப் பிழைக்கும் சகாக்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவசரத் தத்துவம்

பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் கல்லூரியின் தத்துவம் இருக்க வேண்டும். மனிதன் யார், நோய் எது, நர்ஸ் எதற்கு என்று அந்தக் கல்லூரி என்ன நம்புகிறதோ அதை முதலில் சொல்ல வேண்டும். நோக்கம், பாடம், மணி நேரம், தேர்வு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆசிரியர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசி எழுத வேண்டிய பக்கம் அது. ஒரு சாயங்காலம் ஒரு புதுக் கல்லூரியின் துணை முதல்வர், ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு ஓடி வந்தார். மறுநாள் காலை ஆய்வுக் குழு வருகிறதாம். "அண்ணா, அவசரமா ஒரு தத்துவம் வேணும். ஒரு பக்கத்துக்கு."

என் கம்ப்யூட்டரில் மூன்று கல்லூரிகளின் தத்துவங்கள் இருந்தன. அடுத்தவர் நம்பிக்கையை எடுத்துத் தருவது முறையில்லை என்றேன். பார்க்க மட்டும் காட்டுங்கள் என்றார். நின்றபடியே முழுதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"நாங்களும் இதையேதாண்ணா நம்புறோம். பேரை மட்டும் மாத்திடுங்க."

யார் பார்த்தது?

எங்கள் ரோட்டிலேயே இருக்கும் நர்சிங் கல்லூரியில் மெர்சி மேடம் ஆசிரியை. பாடத்திட்டக் குழுவின் செயலாளரும் அவர்தான். கல்வி நோக்கம் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் திருத்தங்களை அடித்ததில் தெரிந்ததுதான். 'மாணவி புரிந்துகொள்வாள்' என்று எழுதக் கூடாது. புரிந்துகொண்டதை யாரும் பார்க்க முடியாது. 'பட்டியலிடுவாள்', 'அளப்பாள்', 'செய்து காட்டுவாள்' என்று எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற காரியத்துக்குத்தான் மதிப்பெண் போட முடியும்.

ஒருநாள் அவர் ஒற்றைத் தாளோடு வந்தார். மூன்றாம் ஆண்டில் புதிதாக நாலு மணி நேரம் வேண்டும்; சாகப்போகிறவர் பக்கத்திலும் அவர் வீட்டார் பக்கத்திலும் எப்படி இருப்பது என்பதுதான் பாடம். போன வருடம் அவருடைய மாணவி ஒருத்தி வார்டில் முதல் சாவைப் பார்த்த மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். திரும்பி வரவில்லை. நன்றாகப் படித்த பெண். இன்னொருத்தி அப்படிப் போகக் கூடாது என்பது மேடத்தின் கவலை. நோக்கம் என்ற இடத்தில் 'ஆறுதல் அளிப்பாள்' என்று எழுதியிருந்தார். பிரின்சிபால் அம்மா அதைச் சிவப்பு மையில் சுழித்து ஓரத்தில் எழுதித் திருப்பியிருந்தார்:

"அளித்ததை யார் பார்த்தது? மேலும், நாலு மணி நேரம் எங்கே இருக்கிறது?"

கறவை மாடு

பாடத்திட்டம் மக்களின் தேவையிலிருந்து பிறக்க வேண்டும் என்பது இன்னொரு கொள்கை. தேவையை அறிந்து வர மாணவிகளை வெள்ளானூருக்கு அனுப்பினார்கள். கையில் நான் அடித்த ஃபாரம். பழைய ஃபைல்தான், தேதியை மட்டும் மாற்றினேன். வீட்டில் கிணறு உண்டா, கறவை மாடு எத்தனை, சாணத்தை எங்கே கொட்டுகிறீர்கள்?

வெள்ளானூரில் இப்போது வயலைவிட அடுக்குமாடி அதிகம். ஒரு மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் திருநெல்வேலிப் பெண். காதில் ஹெட்போன், உள்ளே கம்ப்யூட்டரில் மீட்டிங். ஃபாரத்தை வரிசை மாறாமல் கேட்டால்தான் மதிப்பெண் என்பதால் மாணவி கிணற்றில் தொடங்கி மாடு வழியாகச் சாணம் வரை கேட்டிருக்கிறாள். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. கீழே, அந்த அம்மா சொன்னதைப் பென்சிலில் அப்படியே எழுதி வைத்திருந்தாள். தொகுத்து அடிக்கும்போது நான் அதை இரண்டு தடவை படித்தேன்.

"மாடு கெடையாதும்மா. ராத்திரி ஒறக்கந்தான் இல்ல. அதுக்கு உன் ஃபாரத்துல கட்டம் இருக்கா?"

ஒரு வரி அதிகம்

மொத்த மணி நேரம் மேலிடத்திலிருந்து வருவது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒன்றை வைக்க வேண்டுமானால் இன்னொன்றை எடுக்க வேண்டும். மெர்சி மேடம் தன் நாலு மணி நேரத்தைத் தூக்கிக்கொண்டு, வாடகை வீடு தேடுகிறவர் மாதிரி வாரா வாரம் வந்தார். உளவியலில் வைத்தோம், உளவியல் ஆசிரியர் விடவில்லை. தொழில் அறத்தில் வைத்தோம். அங்கேயே இடம் போதவில்லை என்றார்கள். சுயபடிப்பில் வைத்தோம், சாவைச் சுயமாகவா படிப்பது என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஏழாவது தடவை அவர் போன பிறகு, மூன்றாம் ஆண்டுப் பக்கங்களை வரி வரியாகப் பார்த்தேன். நடுவில் ஒரு வரி: 'நூலக அறிமுகம், 4 மணி நேரம்.' அது முதலாம் ஆண்டில் இருக்க வேண்டியது. அங்கேயும் இருந்தது. ஆறு வருடம் முன்பு முதலாம் ஆண்டுப் பக்கத்தை நகலெடுத்து அதன் மேலேயே மூன்றாம் ஆண்டை அடித்தவன் நான். ஒரு வரியை அழிக்க மறந்திருக்கிறேன். மொத்தம் இடிக்கிறதே என்று யாரோ ஒரு நல்லவர் வேறொரு பாடத்தில் நாலு மணியைக் குறைத்துச் சரிசெய்திருந்தார். அச்சில் வந்துவிட்டால் பிறகு அது பாடத்திட்டம், யாரும் சந்தேகப்படுவதில்லை. குழு ஒப்புக்கொள்ளாமல் ஒரு வரியும் மாறக் கூடாது என்பதால் நானே ரகசியமாக அழிக்கவும் முடியாது. பைண்டிங் போடும் தாஸிடம் சொன்னேன். என் வயதுக்காரன், கடையில் என் ஒரே ஆலோசகன். அந்தக் கல்லூரி வேலைதான் எங்கள் பாதிப் பிழைப்பு என்பதும் அவனுக்குத் தெரியும்.

"இன்னா அண்ணாத்தே, ஆறு வருசமா பொண்ணுங்க லைப்ரரிய ரெண்டாந்தபா பாத்துகினு கீதுங்க, ஒருத்தரும் கேக்கல. நீ வாயத் தொறந்தா ஆர்டர் பூடும். கம்முனு குந்து."

பொதுமக்கள்

இரண்டு வாரம் கம்மென்று இருந்தேன். குழு கூடும் நாளில் நகல்களைக் கொடுக்கக் கல்லூரிக்குப் போனேன். குழுவில் பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக வரும் பெரியவருக்குக் கண் ஆபரேஷன். மெர்சி மேடம் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். அவருடைய நாலு மணி நேரம் ஆறாவது பொருள். இடமில்லை என்று தள்ளிவிட்டு ஏழாவதுக்குப் போகிற நேரத்தில் பிரின்சிபால் அம்மா மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, பொதுமக்கள் ஏதாவது சொல்கிறீர்களா என்றார்.

பதினொரு வருடம் முன்பு என் மனைவி இறந்தபோது, கட்டிலின் கால்மாட்டில் ஒரு மாணவி நின்றிருந்தாள். கையில் தெர்மாமீட்டர். என்னைப் பார்த்தாள், தெர்மாமீட்டரைப் பார்த்தாள், ஓடிவிட்டாள். அவள்மேல் கோபமில்லை, எனக்கும் ஓடத்தான் தோன்றியது. இரவில் வீட்டில் இருக்க முடியாமல்தான் இந்த வேலைக்கு வந்தேன். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டில் நூலக அறிமுகம் இரண்டாவது தடவையாக இருக்கிறது, அது என் தவறு என்று மட்டும் சொன்னேன். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் நூலகர் சாரைப் பார்த்தார்கள். அவர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ஆறு வருஷமா நடத்துறேன். முடிஞ்சதும் டெஸ்ட்டும் வைக்கிறேன். எல்லாப் பொண்ணுங்களும் நல்லாத்தான் எழுதுறாங்க."

நாற்காலி

நாலு மணி நேரம் கிடைத்துவிட்டது. நோக்கம்தான் பாக்கி. 'ஆறுதல் அளிப்பாள்' இன்னும் சிவப்புச் சுழிக்குள் கிடந்தது. அதற்குள் வாய் திறந்து பழகிவிட்டதால், 'நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள்' என்று எழுதலாமே, கண்ணுக்குத் தெரியுமே என்றேன். மெர்சி மேடம் எழுதிக்கொண்டார். பிரின்சிபால் அம்மா சிவப்புப் பேனாவை மூடினார். அடுத்த வருடத்திலிருந்து டைப்பிங் வேலையைக் குமணன்சாவடிக் கடை ஒன்றுக்குக் கொடுப்பதென்றும் அதே கூட்டத்தில் முடிவானது. அந்தத் தீர்மானத்தையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். தாஸ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். அந்த நாலு மணி நேரத்தில் என்னதான் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை என்றாள். நாற்காலியைச் சத்தம் வராமல் இழுக்கவும், கையில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் உட்காரவும் பழக்கினார்களாம். தாள்களை எண்ணி அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"போன வாரம் வார்டுல ஒருத்தர் போயிட்டாருண்ணா. எனக்கு ஓடிடலாம்னுதான் தோணுச்சு. ஆனா ஓடல. அவரு சம்சாரம் பக்கத்துல உக்காந்துட்டேன்."

பதினொரு வருடத்தில் இந்தத் தொழிலில் நான் சொந்தமாக எழுதியது ஒரே ஒரு வரி. அதை இப்போது வேறு கடையில் அடிக்கிறார்கள்.