மஹதியின் அப்பெண்டிக்ஸ்

மஹதியின் உடம்பில் அப்பெண்டிக்ஸ் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அபிராமபுரத்து இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் இரண்டரை வருஷமாக எல்லாரும் அதை வெட்டி எடுத்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என்றால் மாமியார் விஜயலக்ஷ்மி ஒருத்திதான். வீட்டில் மொத்தமே மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் பொய் சொன்னவர்கள்.

மஹதிக்கு வயது முப்பத்து நான்கு. பேசவேண்டிய வயதில் பேசாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது தொழில். வாரத்தில் மூன்று நாள் அடையாற்றில் ஒரு கிளினிக், மற்ற நாட்களில் வீடு வீடாகப் போவாள். மூன்று வயதுப் பிடிவாதக்காரர்களை எல்லாம் வாய் திறக்க வைத்தவளுக்குத் தன் வாயைத் திறக்க ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி வரவேண்டியிருந்தது.

பொய் பிறந்தது ஓர் ஆவணி மாதத்தில். நாத்தனார் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. விஜயலக்ஷ்மி புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்த அன்று மஹதிக்கு வயிற்றில் வலி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கரு கர்ப்பப்பைக்குப் போய்ச் சேராமல் வழியில் குழாயிலேயே தங்கி, குழாயும் வெடித்திருந்தது. தான் கர்ப்பம் என்று அவளுக்குத் தெரிந்ததும், இனி இல்லை என்று தெரிந்ததும் ஒரே அரைமணி நேரத்தில். இடது பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள். அவளுடைய கணவன் அச்யுத் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, அப்பெண்டிக்ஸ், பயப்பட ஒன்றுமில்லை என்றான். கல்யாணம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். கல்யாணம் முடிந்தது. மறுவீடு, தலைதீபாவளி, பொங்கல் சீர் எல்லாம் முடிந்தன. உண்மையைச் சொல்லத்தான் பஞ்சாங்கத்தில் நல்ல நாளே கிடைக்கவில்லை.

விஜயலக்ஷ்மியோ அந்த அப்பெண்டிக்ஸை மிகவும் மரியாதையாக நடத்தினாள். விதை உள்ளே போனால்தான் அந்த வியாதி வரும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து மஹதியின் தட்டுக்கு வரும் கொய்யாவில் விதை இருக்காது, தக்காளியில் இருக்காது, கத்தரிக்காயில்கூடத் தேடி எடுத்திருப்பாள். எடுத்துவிட்ட அப்பெண்டிக்ஸ் திரும்ப வராதே அம்மா என்று அச்யுத் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். வந்த வியாதிக்கு வழி தெரியும்டா என்றாள்.

நடுவில் இன்னொன்று நடந்தது. அச்யுத் வேலை பார்த்த தரமணி கம்பெனி சென்னை அலுவலகத்தை மூடிவிட்டது. இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன டிசைன் ஆபீசில் ஒப்பந்த வேலை. பழைய கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸ் இருந்தது, பிரசவச் செலவு முதல் நாளிலிருந்தே உண்டு. அது இருந்த ஆறு வருஷமும் அவர்கள் குழந்தையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். அது போன மூன்றாம் மாதம் டாக்டரம்மா மஹதியிடம், இருக்கிற ஒரு குழாயையும் முப்பத்தைந்தைத் தொடப்போகும் வயதையும் வைத்துக்கொண்டு இனிமேல் தள்ளிப்போடுவதற்கில்லை என்றார். பத்தில் ஒருத்திக்குத் திரும்பவும் குழாயிலேயே தங்கலாம் என்பதையும், கேட்காமலே சொன்னார்.

ஆகவே பாலிசி வேண்டும், கர்ப்பமாவதற்கு முன்னால் வேண்டும். அதற்காகத் தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் பீர் முஹம்மதுவிடம் போனார்கள். அவர் நான்கு பாலிசிகளை விசிறி போல விரித்துப் போட்டார். ஒன்றில் பிரசவத்துக்கு நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும், இரண்டில் இரண்டு வருஷம். கடைசியில் ஒன்றே ஒன்றில் ஒன்பது மாதம். பாலிசி ஆரம்பித்து ஒன்பது மாதம் கழித்துப் பிறக்கும் குழந்தைக்குத்தான் அவர்கள் பொறுப்பு. பிரீமியம் கொஞ்சம் கூட என்று பீர் முஹம்மது சொன்ன விதத்திலேயே அது கொஞ்சம் இல்லை என்று தெரிந்தது.

ஃபாரத்தை அச்யுத்தான் கம்ப்யூட்டரில் நிரப்பினான். மஹதி கிளினிக்கில் ஒரு குழந்தையோடு இருந்தபோது போனுக்கு ஓ.டி.பி. எண் வந்தது, அதை அவனுக்குச் சொன்னாள், கையெழுத்து ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஃபாரத்தின் நகலைத் திறந்து பார்த்தாள். இதற்குமுன் செய்துகொண்ட ஆபரேஷன் என்ற கேள்விக்கு எதிரே, அப்பெண்டிக்ஸ் என்று இருந்தது.

அச்யுத்திடம் காட்டியபோது அவன் முகம் வெளுத்தது. ஏமாற்ற நினைத்தெல்லாம் எழுதவில்லை. கேள்வியைப் படித்தான், கை தானாகப் பதில் எழுதிவிட்டது. இரண்டரை வருஷம் ஒரு பொய்யைப் பொறுப்பாகப் பராமரித்தால் அது சொன்னவனுக்கே ஞாபகமாகிவிடுகிறது.

மறுநாள் அச்யுத் பீர் முஹம்மதுவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான்.

"இன்னா சார் இது. பிரீமியம் கட்டறப்போ கம்பெனி உங்களை ஒரு கேள்வி கேக்காது. ஆஸ்பத்திரில படுத்துக்கினு காசு கேட்டாதான் பழைய ஃபைல் எல்லாம் தோண்டுவான். அன்னிக்கு இது வெளிய வந்தா பாலிசியே காலி. பிரசவம் மட்டும் இல்ல, நாளைக்குக் கால் உடைஞ்சாலும் ஒரு பைசா வராது."

பிறகு வழியும் சொன்னார். கம்பெனி டாக்டர் வீடியோவில் கூப்பிடுவார், எல்லாம் பதிவாகும், அதில் மேடமே வாயால் திருத்திச் சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டு எடுக்காவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள்.

அடுத்த நான்கு நாள் மஹதி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். வீட்டுக்கு வெளியே இருக்கும்போது கூப்பிட வேண்டும் என்பதுதான் பிரார்த்தனை. வேலை இல்லாத நேரத்தில்கூடக் கோட்டூர்புரம் நூலகத்து மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். மரத்தடியில் போன் அடிக்கவில்லை. ஒரு குழந்தை முதல்முதலாக 'பந்து' என்று சொல்ல வாயைக் குவித்த நேரத்தில் அடித்தது. குழந்தையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். குழந்தை பந்து என்றது. ஒரு அழைப்பு போயிற்று.

இரண்டாவது அழைப்பு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. அச்யுத் கறிகாய் வாங்கப் போயிருந்தான். விஜயலக்ஷ்மி கூடத்தில் சாப்பாட்டு மேஜையில் கொய்யாவைக் கீறி, ஸ்பூனால் விதையை வழித்துக்கொண்டிருந்தாள். மஹதி படுக்கையறைக்கு ஓடினாள். அந்த ஃப்ளாட்டில் படுக்கையறைக்குள் எந்த சிக்னலும் நுழைவதில்லை. டாக்டரின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. கேட்கவில்லை, வெளியே வாங்க என்றது அந்த முகம். சிக்னல் உள்ள ஒரே இடம் கூடத்து பால்கனிக் கதவு. மேஜையிலிருந்து ஆறடி.

இளம் பெண் டாக்டர். வயது, உயரம், எடை கேட்டார். மஹதி முணுமுணுக்க, பதிவாகிறது, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். தைராய்டு இல்லை. சர்க்கரை இல்லை. இப்போது கர்ப்பமா? இல்லை.

"அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் எப்ப ஆச்சு மேடம்?"

மஹதி வாயைத் திறப்பதற்குள் மேஜையிலிருந்து பதில் வந்தது.

"ஆவணி மாசம். ரெண்டாயிரத்து இருபத்திரண்டு. ரொம்ப ஜாக்கிரதையாத்தான் பாத்துண்டிருக்கோம், டாக்டர். விதையே சேக்கறதில்லை."

மஹதி போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அது அப்பெண்டிக்ஸ் இல்லை டாக்டர். ஃபாரத்துல தப்பா இருக்கு. கரு குழாய்ல தங்கிடுத்து. குழாய் வெடிச்சு, இடது பக்கத்தை எடுத்துட்டா."

வழித்துக்கொண்டிருந்த ஸ்பூனின் சத்தம் நின்றது. டாக்டர் எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி, டிஸ்சார்ஜ் சம்மரி உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். மஹதி ஒவ்வொன்றுக்கும் சத்தமாகப் பதில் சொன்னாள். பின்பக்கம் திரும்பவில்லை. கடைசியில் டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது வேறு ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

விஜயலக்ஷ்மி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரொம்ப வலிச்சுதா?"

மஹதி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. அவளண்ட சொல்ல முடிஞ்சுது," என்றாள் விஜயலக்ஷ்மி. அதற்குமேல் மருமகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மீதியைக் கறிகாய்ப் பையோடு உள்ளே வந்த மகனுக்கு வைத்திருந்தாள். காஞ்சிபுரத்தில் பட்டுக்கு ஜரிகை சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே ஒரு பெண் சாகப் பார்த்திருக்கிறாள் என்பதில் ஆரம்பித்து, ரெண்டரை வருஷமா விதை எடுத்திருக்கேன்டா, உனக்கு ஒரு நாள் கூடவா சிரிப்பு வரலை என்பதில் முடித்தாள். அச்யுத் பையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டு நின்றான்.

கம்பெனியிலிருந்து பதினொரு நாள் பதில் இல்லை. மஹதி ஒரு மணிக்கு ஒருமுறை மெயிலைப் பார்த்தாள். மறுத்துவிட்டால் அந்த மறுப்பையும் அடுத்த கம்பெனியின் ஃபாரத்தில் எழுத வேண்டும் என்று பீர் முஹம்மது சொல்லிவைத்திருந்தார். அதற்குள் ஏதாவது ஆகித் தொலைந்தால் பாலிசியே வீண். குழந்தை வேண்டும் என்று நினைப்பவள், இந்த மாதம் வேண்டாம் என்று தினமும் வேண்டிக்கொண்டாள். சாமிக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது. விஜயலக்ஷ்மி மகனைக் கூடத்தில் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொன்னாள். ஏற்றுக்கொள்கிறார்கள். பிரீமியம் கூடுகிறது. பிரசவத்துக்கு அதே ஒன்பது மாதம். ஆனால் திரும்பவும் குழாயில் தங்கினால், அதற்கு இரண்டு வருஷம் ஒன்றும் கிடையாது.

"அப்போ எதை நினைச்சு நாம பயந்துண்டிருக்கோமோ, அதுக்கு மட்டும் தரமாட்டான்."

ஆமாம் என்றான் அச்யுத். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பலன் என்று மஹதிக்குத் தோன்றியது. சொல்லாமல் இருந்திருந்தால் எதற்குமே கிடைத்திருக்காது என்பதும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருப்பதால் மனசு கேட்டுவிடுகிறதா என்ன.

"சம்மதம்னு போடு," என்றாள் விஜயலக்ஷ்மி. "அந்த ஒண்ணை நாம பாத்துக்கலாம். ஆனா இனிமே எதுவானாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும். அப்புறந்தான் கம்பெனிக்கு."

மஹதி சரி என்றாள். பணம் கட்டினாள். நள்ளிரவிலிருந்து பாலிசி நடப்பில் இருக்கும் என்று உடனே குறுஞ்செய்தி வந்தது.

விஜயலக்ஷ்மி விரல் விட்டு எண்ணினாள். "அவனுக்கு ஒன்பது மாசம்தானே? நமக்குப் பத்து மாசம். ஒரு மாசம் மிச்சமே இருக்கு, ஏன் கவலைப்படறே?"

மஹதியும் மனதுக்குள் எண்ணினாள். அவள் எண்ணியது டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு, வாரக் கணக்கு. கரு தங்கிய நாளிலிருந்து முப்பத்தெட்டு வாரம். அந்தக் கணக்கில் ஒன்பது மாதத்துக்கு எட்டு நாள் குறைந்தது. குழந்தை கொஞ்சம் அவசரப்பட்டால் இன்னும் குறையும். ஆக இந்த மாதமும் அடுத்த மாதமும் ஒன்றும் ஆகாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

முதலில் மாமியாரிடம்தான் சொல்ல வேண்டும் என்று சம்மதித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. விஜயலக்ஷ்மி எதிரில் உட்கார்ந்து, இன்னும் விரலை மடக்காமல், சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த எட்டு நாள் கணக்கைக் கம்பெனி டாக்டரிடம் என்றால் சத்தமாகவே சொல்லியிருப்பாள்.